தாய்முயலின் கொடை

பாராடாங்கில் மழை தொடங்கிய வாரத்தில், ஒரு வீட்டு முயற்கூண்டில் பால்மறந்த ஐந்து குட்டிகளுள் மூன்று கழிச்சலால் மடிந்தன. வளர்த்தவளுக்குக் காரணம் விளங்கவில்லை. ஈற்றுப்பெட்டியில் தாய் இட்ட புழுக்கைகளைக்கூட அவள் நாள்தோறும் அகற்றிவந்தாள்.

அப்புழுக்கைகளே தாயின் கொடை. பெட்டியிலிருக்கும் நாள்களில் குட்டிகள் அவற்றைக் கொறிக்கின்றன. பெருங்குடலின் தொடக்கப்பையில் நாரை நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் குடியேற அது துணைசெய்கிறது. நான்காம், ஐந்தாம் வாரத்தில் பால் நின்று தீவனம் மாறுகையில், அக்குடியிருப்பு முதிராதிருந்தால் கழிச்சல் எளிதில் பற்றும்.

வளர்ச்சியூக்கியாகத் தீவனத்தில் சேர்க்கப்பட்ட ஆன்டிபயாட்டிக்குகளை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முற்றிலும் தடைசெய்தது. மாற்றாக, லாக்டோபாசில்லஸ், ஈஸ்ட் முதலிய உயிருள்ள புரோபயாட்டிக்குகளும், குடல் நுண்ணுயிர்களுக்கு உணவாகும் இனுலின் முதலிய பிரீபயாட்டிக்குகளும் வளரும் முயல்களில் ஆராயப்பட்டன. முடிவுகள் ஒருபடித்தானவையல்ல: சில ஆய்வுகளில் எடை கூடியது, சிலவற்றில் மாற்றமே இல்லை. பராமரிப்பின் குறையை எந்தப் பொடியும் ஈடுசெய்வதில்லை.

அடுத்த ஈற்றில் அவள் கூண்டுத்தரையை உலர்வாக வைத்து, பெட்டியைத் தாயிடமே விட்டாள். உலர்புல் குறையாமல் பார்த்து, புதுத் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கலந்தாள். ஆறு குட்டிகளில் ஒன்று இறந்தது. வாங்கிவைத்த புரோபயாட்டிக் பொடியின் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.