நான்கு கேள்விகள்

"நாள்தோறும் சிறிதளவே அருந்துகிறேன்" என்போர் பலரை நம் பங்குகளில் காண்கிறோம். அளவு மட்டுமே உண்மையைக் காட்டிவிடாது. அமெரிக்க மருத்துவர் ஜான் யூவிங் 1984-இல் வெளியிட்ட நான்கு கேள்விகளை நான் ஆன்ம சோதனையாகவே வாசிக்கிறேன். குடியைக் குறைக்க வேண்டுமென எண்ணியதுண்டா? பிறர் குறைகூறியபோது எரிச்சல் எழுந்ததா? குற்றவுணர்வு உறுத்தியதா? நடுக்கம் தணியக் காலையில் முதல் வேலையாகக் குடித்ததுண்டா? இரண்டுக்கு 'ஆம்' என்றால் மருத்துவரை நாடுதல் நலம்.

இரண்டாம் கேள்வியே என்னை நெடிது சிந்திக்க வைக்கிறது. மனைவியின் ஒரு சொல்லுக்குச் சினம் மூளுமாயின், மறைத்ததாக எண்ணிய நோய் வீட்டாருக்கு முன்பே தெரிந்துவிட்டது என்பதே பொருள்.

மீள வழியுண்டு. டப்ளின் தொழிலாளி மாட் டால்பட் 1884-இல் முதலில் மூன்று மாதங்களுக்கே மதுவிலக்கு வாக்குறுதி எடுத்தார். 1925-இல் இறக்கும்வரை குடிக்கவில்லை. சிறிய வாக்குறுதியும் இறையருளுக்கு வாயிலாகும்.