புறாத்தீவுக்கு ஒரு பகற்பயணம்

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே, பத்திரகாளி அம்பாள் கோவில் கொண்டு விளங்கும் சம்பூரில் நின்று வடதிசை நோக்குவார்க்கு, நீலப் பரப்பின் அப்பால் திருகோணமலையின் குன்றுகள் தோன்றும். கடலைக் கண்டே வளர்ந்தவர்கள் நாம். கடல் தந்த மீனை உண்டு, கடலின் ஓசை கேட்டு உறங்குபவர்கள். ஆயினும் அக்கடலின் அடியிலே என்ன இருக்கின்றதென்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் கண்டிருக்கின்றனர்? அதனைக் கண்ணாரக் காண்பதற்குத் தொலைதூர நாடுகளுக்குச் செல்லவேண்டுவதில்லை. ஒரு பகற்பொழுதில் சென்று மீளத்தக்க புறாத்தீவு நம் மாவட்டத்திலேயே உள்ளது.

திருகோணமலைக்கு வடக்கேயுள்ள நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில், பெரியதும் சிறியதுமாக இரு தீவுகள் கடலினின்றும் எழுந்து நிற்கின்றன. பெரிய தீவு ஏறத்தாழ 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் உடையது. அதன் உச்சி கடல்மட்டத்திலிருந்து 45 மீற்றருக்குச் சற்றே குறைந்த உயரமுடையது. சிறிய தீவோ பாறைக் கூட்டம். பாறை இடுக்குகளிலே மாடப்புறாக்கள் கூடுகட்டி வாழ்வதால் இப்பெயர் பெற்றது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலே இத்தீவு துப்பாக்கி சுட்டுப் பழகுமிடமாகப் பயன்பட்டது. பின்னர் 1963-ஆம் ஆண்டு சரணாலயமாகவும், 2003-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. பூங்காவின் பரப்பு 471 ஹெக்டேயர். அதிற் பெரும்பகுதி நிலமன்று, நீரே ஆகும். காக்கப்படும் செல்வம் நீருக்கடியில் இருப்பதே அதற்குக் காரணம்.

காலம் அறிந்து புறப்படுதல்

கடற்பயணத்திற்கு நாள் பார்ப்பதென்றால் முதலிற் காற்றைப் பார்த்தல் வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரையும் வாடைக்காற்று வீசுங் காலம். அப்போது கீழைக்கடல் கொந்தளிக்கும், மழைவெள்ளத்தால் நீரும் கலங்கும். சித்திரை பிறந்த பின்னர் ஆவணி, புரட்டாதி வரையுமே ஏற்ற காலம். மேற்கே தென்மேற்குப் பருவமழை பெய்கையில் நம் கரையிலே கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோர நீர் தெளிந்து நிற்கும். அக்காலத்திலுங்கூடக் காலைப்பொழுதே சிறந்தது. வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து அலையைக் கிளப்பிவிடும். ஆகவே எட்டு மணியளவில் நிலாவெளிக் கரையில் நிற்பதே நம் திட்டமாதல் வேண்டும். சனி ஞாயிறும் பூரணை விடுமுறையும் சனநெருக்கம் மிக்க நாட்கள். இயலுமாயின் அவற்றைத் தவிர்த்து, பாடசாலை விடுமுறைக் காலத்தில் ஒரு வாரநாளைத் தெரிந்துகொள்வோம்.

எதிரே தெரியும் திருகோணமலைக்கு நேரே கடல்வழியாகச் சென்று, அங்கிருந்தும் படகிலேயே புறாத்தீவை அடையலாகாதா என்று இளைஞர் கேட்பர். குடாவின் வாய் அகன்றது. அதனடியிலே மிக ஆழமான கடற்பள்ளத்தாக்கு ஒன்று கிடக்கின்றது. நீலத் திமிங்கிலங்கள் திருகோணமலைக்கு அண்மையில் வந்து போவதும் அவ்வாழத்தாலேயே எளிதாகின்றது. அத்தகைய வெளியைக் குழந்தைகளுடன் சிறு படகிற் கடப்பது அறிவுடைமையன்று. பூங்காவினுட் செல்லுதற்குரிய அனுமதிச் சீட்டும் நிலாவெளியிலேயே பெறவேண்டும். ஆதலின் தரைவழியே நமக்கு உகந்த வழி.

விடியுமுன் புறப்பட்டால் மூதூரைக் கடக்கையிற் கிழக்கு வெளுத்துவிடும். 1660-ஆம் ஆண்டு ஆங்கிலக் கப்பலோட்டி றொபேட் நொக்ஸ் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டது இப்பகுதியிலேதான். பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து மீண்ட அவர் 1681-ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இலங்கையைப் பற்றி ஐரோப்பியருக்குப் பேரளவில் அறிவித்தது. மகாவலியின் கிளைகளைப் பாலங்களாற் கடந்து கிண்ணியாவை அடைவோம். அங்குள்ள நீண்ட பாலம் 2009-ஆம் ஆண்டு திறக்கப்படும் வரையும் மிதப்புப் பாதைக்காகக் காத்துக் கிடந்த காலத்தை மூத்தோர் மறந்திரார். திருகோணமலை நகரைத் தாண்டி நிலாவெளி வீதியிற் செல்லுகையில், இரண்டாம் உலகப் போரில் மாண்டோரின் கல்லறைகள் வரிசை வரிசையாக விளங்கும் மயானம் வீதியோரத்தில் உண்டு. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கிய செய்தியை மாணவர்க்கு எடுத்துரைக்க அதனினும் பொருத்தமான இடம் வேறில்லை.

படகு ஏறுமுன்

நிலாவெளிக் கரையிலே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தாரின் அலுவலகத்திற் சீட்டுப் பெறுதல் வேண்டும். உள்நாட்டவர்க்கு ஒரு கட்டணமும் வெளிநாட்டவர்க்கு வேறொரு கட்டணமும் அறவிடப்படும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்திருப்பாராயின் இதனை முன்னரே கேட்டறிந்துகொள்வது நலம். படகுக்கூலி ஆளுக்கன்று, படகுக்கே பேசப்படுவதால், இரண்டு குடும்பங்கள் சேர்ந்து செல்லுமிடத்துச் செலவு குறையும். தீவை அடையப் பத்து அல்லது பதினைந்து நிமிடங்களே ஆகும்.

பத்து நிமிடப் பயணந்தானே என்று எண்ணி உயிர்காப்பு அங்கியை மடியில் வைத்துக்கொள்பவர்களைக் காண்கின்றோம். நம் மாவட்டத்தார்க்கு இதுபற்றி நீண்ட உபதேசம் வேண்டுவதில்லை. 2021-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் காலை, கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியிலே அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய மிதப்புப் பாதை கவிழ்ந்தது. அதிற் சென்ற பாடசாலைப் பிள்ளைகள் பலர் வீடு திரும்பவில்லை. அது கடலுமன்று, களப்பு நீர். ஆகையால் அங்கியை அணிவித்துக் கட்டிய பின்னரே பிள்ளைகளைப் படகில் ஏற்றுவோம். படகு தாங்கும் அளவுக்கு மேல் ஒருவர் நிற்பினும், “இன்னொரு முறை வாருங்கள், தம்பி, நாங்கள் காத்திருக்கிறோம்” என்று படகோட்டியிடம் கூறத் தயங்கோம்.

கட்டுச்சோறும் இடியப்பமும் சம்பலும் எடுத்துச் செல்வோர் அவற்றை நிலாவெளிக் கரையிலேயே வைத்துத் திரும்பி வந்து உண்பதே சிறந்தது. தீவிற்குக் குடிநீர் மட்டும் போதும்; அதனையும் திரும்பப் பயன்படுத்தத்தக்க போத்தலிற் கொண்டுசென்று, வெறும் போத்தலை மீளக் கொண்டுவருதல் வேண்டும். வெயிலுக்கு அஞ்சி உடலிற் பூசும் களிம்புகளிற் சில பவளத்திற்குக் கேடு விளைப்பன. கைநீண்ட பருத்திச் சட்டை அவ்வேலையைச் செய்துவிடும்.

நீருக்கடியில் ஒரு நந்தவனம்

தீவின் மணற்கரையில் இறங்கியவுடன் கண்ணுக்குப் புலப்படுவது வெண்மணலும் பாறையும் பற்றைக்காடுமே. இதற்காகவா இத்தனை தூரம் வந்தோம் என்று சிறுவர் முகம் வாடவுங் கூடும். முகத்தில் நீர்க்கண்ணாடியை அணிந்து, இடுப்பளவு நீரிலே முகத்தைத் தாழ்த்திய மறுகணமே அவ்வாட்டம் மறையும். மான்கொம்பு போற் கிளைத்தனவும், மேசைபோல் விரிந்தனவும், மூளையின் மடிப்புப் போன்றனவுமாகப் பவளங்கள் பரந்திருக்கும். அவற்றினூடே மஞ்சளும் நீலமுமாக மீன்கள் கூட்டங் கூட்டமாய் ஓடும். இக்கடற்பகுதியில் ஏறக்குறைய 100 வகைப் பவளங்களும் 300 வகை மீன்களும் அறியப்பட்டுள்ளன. செட்டையின் நுனி கறுத்த சிறு சுறாக்களும் இங்கு உலாவும். சுறாவென்றதும் நடுங்கவேண்டா, இவ்வினம் மனிதரைக் கண்டு தானே விலகிச் செல்லும் கூச்ச இயல்பினது. நற்பேறு இருப்பின் கடலாமையுந் தென்படும்.

பவளத்தைக் கல்லென்று எண்ணுதல் பெரும்பாலோர் கொள்ளும் மயக்கம். அது உயிர்களின் குடியிருப்பு. நெல்மணியினுஞ் சிறிய உயிர்கள் எண்ணிறந்தன கூடி, கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைக் கொண்டு தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலினுள்ளே நுண்ணிய பாசிகள் வாழ்ந்து, சூரிய ஒளியால் உணவு சமைத்து ஊட்டுகின்றன. நிறமும் பெரும்பாலும் அப்பாசிகள் தருவதே. நீர் மிகச் சூடேறினாற் பாசிகள் நீங்கிப் பவளம் வெளுத்துவிடும். சூடு நீடித்தால் மாண்டுபோகும். 1998-ஆம் ஆண்டு இலங்கையின் மேற்கு, தெற்குக் கடல்களிற் பவளங்கள் பேரளவில் வெளுத்து அழிந்தபோது, திருகோணமலைப் பகுதி பெரும்பாலும் தப்பிற்று. உலகக் கடல்களெங்கும் நான்காம் முறையாகப் பவளங்கள் வெளுத்து வருகின்றன என்று 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிஞர் அறிவித்தனர். எஞ்சியுள்ளவை எத்துணை அரியன என்பதை இதனால் உணரலாம்.

பாறைபோல் திரண்ட பவளவகை ஓராண்டில் வளர்வது விரலகலத்திலும் குறைவு. அதன்மேல் ஒரு காலை ஊன்றினால் பல்லாண்டு உழைப்பு ஒரு நொடியில் நொறுங்கும். நீந்த அறியாதவர் கால் வைக்க இடந்தேடித் தடுமாறுவதே பெருங்கேட்டிற்கு ஏதுவாகின்றது. ஆகவே நீந்தத் தெரியாதோர் மணற்பாங்கான ஆழமற்ற இடத்திலேயே நிற்றல் இருவகையிலும் நன்று: அவர்க்கும் நன்று, பவளத்திற்கும் நன்று.

காவல் ஏன்?

“நம் ஊர்க் கடலிலே நாம் இறங்குவதற்கு அனுமதி எதற்கு?” என்று ஒரு பிள்ளை கேட்குமாயின், அக்கேள்வியைச் சிறிதென்று ஒதுக்கலாகாது. சம்பூர்ப் பிள்ளைக்கு அது இயல்பான கேள்வி. 2006-ஆம் ஆண்டு போரினால் ஊரைவிட்டு நீங்கிய நம் மக்கள், தம் வயலையும் கிணற்றையும் கோவிலையும் காணவியலாமல் ஆண்டுக்கணக்கில் முகாம்களில் இருந்தனர். உட்செல்லலாகாதென்று நிலம் வேலியிடப்பட்டது. அனல்மின் நிலையமும் கைத்தொழில் வலயமும் என்று திட்டங்கள் பேசப்பட்டன. 2015-ஆம் ஆண்டுக்குப் பின்னரே படிப்படியாக மீள்குடியேற வாய்த்தது. அனல்மின் திட்டமும் 2016-ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. எனவே ‘தடைசெய்யப்பட்ட இடம்’ என்னுஞ் சொல் நம் செவிக்கு இனிதாயிராது.

ஆயினும் புறாத்தீவின் காவல் அதனின் வேறானது. இங்கு எவரையும் விலக்கி எவரும் உரிமை கொள்வதில்லை. யாவரும் வரலாம், எதனையும் எடுத்தலாகாது என்பதே விதி. காவல் இல்லையேல் நிகழ்வது யாது என்பதற்கு மன்னார் வளைகுடாவே சான்று. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைத் தமிழ்நாட்டரசு 1986-ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக்கியது. எனினும் முற்காலத்தில் கட்டடத்திற்கும் சுண்ணாம்புக்குமாகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததன் விளைவாக, விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் கடலுள் மூழ்கின.

நம் நாட்டிலும் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, பவளப்பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலையின் வேகம் தணிந்ததென்றும், பாறை வெட்டப்பட்டிருந்த பெரேலியாப் பக்கத்தில் நீர் நெடுந்தூரம் உட்புகுந்ததென்றும் ஆய்வாளர் கண்டனர். அன்று நிலாவெளியும் நம் கரையும் பட்டதை நாம் அறிவோம். கரையிலே குடியிருப்போர்க்குப் பவளப்பாறை வேடிக்கைப் பொருளன்று, அரணாகும்.

ஆகவே சிப்பியும் பவளத்துண்டும் பொறுக்கிப் பையில் இடும் பிள்ளையை அதட்டவேண்டா. இக்கதையைச் சொன்னாற் போதும். தானே கீழே வைத்துவிடும்.

நண்பகலுக்கு முன்னரே தீவைவிட்டு நீங்குவோம். நிலாவெளியிலே தென்னை நிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துப் பகிர்ந்து உண்கையில், கண்ட மீன்களின் நிறத்தையும் வடிவையும் மாணவர் கொப்பியிற் குறித்து வைக்கட்டும். பெயர்களைப் பின்னர் ஆசிரியரிடம் கேட்டறியலாம். மாலைப் பேருந்திற் புறப்பட்டால் விளக்கேற்றும் வேளைக்குள் ஊர் சேரலாம். அடுத்த சித்திரைக்கு இன்னும் நாளிருக்கின்றது. அதற்குள் பிள்ளைகள் நீந்தப் பழகட்டும்.