பெயர் இல்லாத வெல்லம்

சிங்கப்பூரில் பொங்கலுக்கு விடுமுறை கிடையாது. ஆனாலும் தை பிறப்பதற்கு முந்தைய வாரம் கேம்பல் லேனில் கால் வைக்க இடம் இருக்காது. கட்டுக் கரும்பு, மஞ்சள் கொத்து, மண்பானை. பிள்ளைகள் பார்க்கட்டும் என்று சில வருடங்களில் மாடுகளையும் கொண்டுவந்து கட்டுவார்கள். மாடு பார்க்க வந்த குடும்பம் பானையோடுதான் திரும்பும். விளம்பரத்துக்கென்று தனியாகக் காசு ஒதுக்க முடியாத சின்னக் கடைக்காரர்களுக்குத் தெருவே விளம்பரம். லிட்டில் இந்தியா வர்த்தகர்கள் மரபுடைமைச் சங்கமான லிஷா தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் போடும் விளக்குகளும் அப்படித்தான். மூலைக்கடை வரைக்கும் ஆளைக் கூட்டிவந்து விட்டுவிடும்.

நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையத்துக்காரனான எனக்கு இது புதிதில்லை. ஆடிப் பதினெட்டுக்குக் காவிரித் தடுப்பணையில் குளிக்க வரும் கூட்டத்தை யாரும் நோட்டீஸ் அடித்துக் கூப்பிடுவதில்லை. மீன் வறுவல் கடைக்காரர் காற்று வீசும் திக்கைப் பார்த்து அடுப்பை வைப்பார், அவ்வளவுதான். ஈரத் துண்டோடு கரையேறுகிறவர்களின் மூக்கு மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அதே ஊர் வெல்லத்துக்கு மட்டும் இந்தச் சாமர்த்தியம் வரவில்லை. மார்கழியில் ஆலைக்கொட்டகைப் பக்கம் போனால் தெரியும். கரும்புப்பால் கொப்பரையில் கொதிக்கும். மேலே வரும் அழுக்கை வழித்து எடுப்பார்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்த்து, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிப்பார்கள், இல்லையென்றால் அச்சில் ஊற்றுவார்கள். 30 கிலோ சிப்பமாகக் கட்டிப் பிலிக்கல்பாளையம் ஏலத்துக்கு அனுப்பினால் ஊர்ப்பெயர் அங்கேயே நின்றுவிடும். சிராங்கூன் சாலையில் நான் வாங்கும் பொட்டலத்தில் பொட்டலம் போட்டவர் பெயர் இருக்கிறது, இறக்குமதி செய்தவர் முகவரி இருக்கிறது. எங்கள் ஊர் ராஜவாய்க்கால் பாசனத்தில் விளைந்த கரும்பா, வேறெங்கோ விளைந்ததா என்பது மட்டும் இல்லை.

பெயர் இல்லாத சரக்கை நிறம் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். வெல்லத்தை வெளுக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போடும் கெட்ட பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கலப்படமில்லாத வெல்லம் கருத்துத்தான் இருக்கும். ஏலத்தில் அதற்கு மதிப்புக் குறைவு. கேரளத்து மறையூர் வெல்லமும் கருப்புதான். ஆனால் அதற்குப் பெயர் இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆலை ஓட்டும் சித்தப்பாவிடம் போனில் கேட்டேன். "அச்சுலயே ஊர்ப் பேரைச் செதுக்கிட்டா என்னங் சித்தப்பா?"

"செதுக்கலாங் கண்ணு. ஏலத்துல எடுக்கறவன் அதுக்குப் பத்து ரூவா சேத்திக் குடுப்பானா?"

கொடுக்க மாட்டான். பணம் உடனே கைக்கு வரும் ஏலத்தை விடச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பொங்கல் சரக்கில் பத்துச் சிப்பத்தை மட்டும் ஒதுக்கச் சொன்னேன். அரைக்கிலோ உறை, அதில் ஊர்ப்பெயர், காய்ச்சிய தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண். கார்த்திகையிலேயே வாட்ஸாப்பில் ஆர்டர் பிடித்துவிட வேண்டும். சிங்கப்பூருக்கு அனுப்பினால் கூரியர் கூலி வெல்லத்தின் விலையைத் தாண்டிவிடும். பெங்களூரிலும் சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்களே போதும். கொப்பரை கொதிப்பதைப் பேரன் செல்போனில் எடுத்துப் போட்டால் விளம்பரச் செலவும் இல்லை.

சித்தப்பா ஒத்துக்கொண்டார். ஆர்டர் கேட்கும் செய்தியில் முதல் வரியாக அவர் சேர்க்கச் சொன்னது: "வெல்லம் கருப்பாத்தான் இருக்கும். வெள்ளையா வேணும்னா கடையில வாங்கிக்குங்க."