மதிலுக்குள் ஒரு வெள்ளை மாளிகை

வடக்கு வேல்ஸின் கடலோர ஊரான கான்விக்கு வரும் பயணிகள் முதலில் போவது கோட்டைக்குத்தான். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் வேல்ஸை வென்ற கையோடு 1283-இல் கட்டத் தொடங்கியது அது. கூடவே ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, உள்ளே ஆங்கிலேயர்களைக் குடியேற்றினார். மண்ணின் மைந்தர்களான வேல்ஸ் மக்களுக்கு மதிலுக்கு வெளியேதான் இடம்.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் அதே மதிலுக்குள் வேல்ஸ்காரர் ஒருவர் கட்டிய வீடு பிளாஸ் மௌர். பெயருக்கு வேல்ஸ் மொழியில் 'பெரிய மாளிகை' என்று பொருள். கட்டியவர் ராபர்ட் வின். வசதியான குடும்பத்தின் மூன்றாவது மகன். ஆங்கிலேயத் தூதர் ஒருவரிடம் வேலை பார்த்து ஐரோப்பாவைச் சுற்றியவர். 1576 முதல் 1585 வரை, கட்டம் கட்டமாக எழுந்தது வீடு.

கல் வீடு என்று தேடிப் போனால் ஏமாற்றம்தான். கரடுமுரடான உள்ளூர்க் கற்களால் ஆன சுவர்களை வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு மூடியிருக்கிறது. கூரையோரச் சுவர்கள் படிப்படியாக ஏறி இறங்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பார்வைக் கோபுரம்.

உள்ளே நுழைந்தால் சுவரிலும் விதானத்திலும் சுதை வேலைப்பாடு. எங்கும் 'ஆர்.டபிள்யூ' என்று வீட்டுக்காரரின் பெயரெழுத்துகள். எலிசபெத் ராணியின் அரச சின்னம் ஒருபக்கம். தன் முன்னோர் என்று வின் சொல்லிக்கொண்ட வேல்ஸ் இளவரசர்களின் சின்னங்கள் மறுபக்கம். ராணிக்கு விசுவாசம், ஆனால் வம்சத்தை விட்டுக்கொடுப்பதில்லை. விருந்தாளிகளுக்கு விஷயம் புரிந்திருக்கும்.

1598-இல் வின் இறந்ததும் உயிலால் வந்தது வழக்கு. 1630 வரை இழுத்தது. இடித்துக் கட்டவோ நாகரிகத்துக்கேற்ப மாற்றவோ யாருக்கும் வழியில்லை. வீடு தப்பியது அதனால்தான். பிற்காலத்தில் வாடகைக் குடித்தனங்கள், பள்ளிக்கூடம், 1887 முதல் ஓவியர் கழகம் என்று பலரும் புழங்கினார்கள். 1993-இல் வேல்ஸ் தொல்சின்னப் பாதுகாப்பு அமைப்பான 'காடு' பொறுப்பேற்று, 1997-க்குள் புதுப்பித்தது. 1665-இல் எழுதப்பட்ட பொருள் பட்டியல் ஒன்று கிடைத்ததால், சில அறைகளில் அந்தக் காலத்துச் சாமான்கள் போலவே வைத்திருக்கிறார்கள். சுதைச் சிற்பங்களுக்குப் பழையபடி பளிச்சென்று வண்ணம் தீட்டிய அறைகளும் உண்டு. சாயம்போன பழமையே அழகு என்று நம்புபவர்களுக்கு இது கண்ணைக் கூசும். ஆனால் வின் விரும்பியது இந்தப் பளபளப்பைத்தான்.

ரயில் நிலையம் மதிலுக்குள்ளேயே இருக்கிறது, அங்கிருந்து பொடிநடை. கோட்டையையும் பார்த்துவிடுங்கள். வென்றவரின் கோட்டை இன்று கூரையில்லாமல் நிற்கிறது. வேல்ஸ்காரரின் வீட்டில் ஓர் ஓடுகூட ஒழுகவில்லை.