கஸ்தூர்பா குடிசை வாசலில்...

நாகபுரியில் இருக்கும் என் நாத்தனார் மகளுக்குத் தை மாதம் வளைகாப்பு. மாமியாரையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். விசேஷம் நல்லபடியாக முடிந்தது. ஊர் திரும்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது. "இவ்வளவு தூரம் வந்துட்டு, காந்தி இருந்த இடத்தைப் பார்க்காமப் போறதா?" என்றார் அத்தை. மறுநாள் காலையிலேயே இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

அந்தச் சமயம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அத்தை லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிறார். வயது எழுபத்திநாலு. 'வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்கு வந்துவிடவேண்டும்' என்பது என் கணவர் கட்சி. 'முகம் தெரியாத ஊர்ல, மூணாவது மாடியில என்னைக் கொண்டுபோய்ப் பூட்டாதே' என்பது அத்தை கட்சி. நடுவில் அகப்பட்டவள் நான்!

ரயிலிலும் அதே பேச்சுதான். "எங்க ஊர்ல நான் காலையில வாசல் தெளிக்கலேன்னா, எட்டு மணிக்குள்ள நாலு பேர் வந்து கதவைத் தட்டுவாங்க. உங்க மாடியில யார் தட்டுவாங்க?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் எதிர் வீட்டுப் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தது, மகள் வேலையிலிருந்து திரும்பிய பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

நாகபுரியிலிருந்து வார்தா சுமார் 75 கிலோமீட்டர். அங்கிருந்து ஆட்டோவில் 8 கிலோமீட்டர் போனால் சேவாகிராமம். காந்திஜி 1936ல் வந்தபோது இதன் பெயர் சேகாவ். அறுநூறு பேர் அளவுக்கு வாழ்ந்த சின்னக் கிராமம். மலேரியா வேறு. அவரையும் அது விடவில்லை. 1940ல்தான் சேவாகிராமம் என்ற பெயர் வந்தது.

ஆசிரமத்துக்குள் நுழைந்ததும் மனசு அடங்கிவிடுகிறது. பெரிய மரங்கள், மண் சுவர், மூங்கில், ஓட்டுக் கூரை. பாபு குடிலில் அவர் உட்கார்ந்த பாய், சாய்வுப் பலகை எல்லாம் அப்படியே இருக்கின்றன. வைஸ்ராய் அவசரமாகப் பேசுவதற்கென்று வைத்த டெலிபோன் பெட்டியும் இருக்கிறது. பாம்பு பிடிக்கும் மரக்கூண்டைக்கூட வைத்திருக்கிறார்கள். பாம்பைப் பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விடுவார்களாம்.

நம்மவர்கள் இருவரையும் இங்கே நினைக்கவேண்டும். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, வார்தாவில் இருந்துகொண்டு கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், வெல்லம் என்று கிராமத் தொழில்களுக்காக உழைத்தவர். இலங்கைத் தமிழரான ஆரியநாயகம், மனைவி ஆஷாதேவியோடு இங்கே ஆதாரக் கல்வியை நடத்தியவர். 'சிறிய ஊரில்தான் மனுஷன் மனுஷனாக வாழமுடியும்' என்று நம்பிய கூட்டம் இது. கோடிக்கணக்கான ஜனங்கள் நகரங்களில் நிம்மதியாக வாழவே முடியாது என்று 1945 அக்டோபரில் காந்திஜி நேருவுக்குக் கடிதம் எழுதினார்.

"பார்த்தியா! காந்தியே என் கட்சி!" என்று அத்தைக்கு ஒரே குஷி.

"அவசரப்படாதீங்க அத்தை" என்றேன். நேரு அதை ஒப்புக்கொள்ளவில்லை. கிராமம் அறிவிலும் பண்பாட்டிலும் பின்தங்கியது என்று நாலு நாளில் பதில் எழுதிவிட்டார். டாக்டர் அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இன்னும் கடுமையாகவே பேசினார். கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்பது அவர் கருத்து. கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத ஊரை அவர் எப்படிப் புகழ்வார்?

அத்தை பதில் பேசவில்லை. கொஞ்ச தூரம் நடந்ததும், "எங்க அம்மா காலத்துல கீழத்தெரு ஜனங்க நம்ம கிணத்துப் பக்கம் வர முடியாது. அதுவும் நிஜந்தான்" என்றார் மெதுவாக.

அடுத்தது பர்ச்சுரே குடில். பர்ச்சுரே சாஸ்திரி சம்ஸ்கிருதப் பண்டிதர். குஷ்டரோகம் வந்து, போக இடமில்லாமல் 1939ல் இங்கே வந்தவர். காந்திஜி தன் குடிலுக்குப் பக்கத்திலேயே அவருக்கு இடம் கொடுத்து, தம் கையாலேயே தேய்த்துவிட்டுப் பணிவிடை செய்திருக்கிறார். ஊரே ஒதுக்கியவருக்கு ஊருக்குள் இடம்!

கடைசியாக பா குடில். கஸ்தூர்பாவின் குடிசை. ஆரம்பத்தில் எல்லோரும் ஒரே குடிசையில்தான் இருந்தார்கள். எப்போது பார்த்தாலும் ஆண்கள் கூட்டம். அந்த அம்மாளுக்குச் சங்கடம். அதைப் பார்த்து ஜம்னாலால் பஜாஜ் தனியாக ஒரு குடிசை கட்டிக் கொடுத்தாராம். 1942 ஆகஸ்டில் கைதான கஸ்தூர்பா, 1944 பிப்ரவரியில் புனே ஆகாகான் மாளிகையில் காவலில் இருந்தபடியே கண்ணை மூடினார். இந்தக் குடிசைக்குத் திரும்பவே இல்லை.

அத்தை அந்த வாசலிலேயே நின்றுவிட்டார். "பா மாதிரி மகராசிக்கும் ஒரு கதவு வேண்டியிருந்திருக்கு பாரு!" என்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார். முப்பத்தெட்டு வயதில் கணவரை இழந்து, தையல் கற்றுக்கொள்ள லால்குடிக்குப் பஸ் ஏறினபோது ஊர் பேசின பேச்சு! "என் கதவைத் தட்டின அதே நாலு பேர்தான் அதையும் பேசினாங்க. காய்ச்சல்ல கிடந்தப்போ கஞ்சி கொண்டுவந்ததும் அவங்கதான்."

மரத்தடியில் உட்கார்ந்து இட்லியைப் பிரித்தபோது அத்தையே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஒருத்திக்குக் கதவும் வேணும், தட்டறதுக்கு ஆளும் வேணும். உன் ஊர்ல கதவு இருக்கு, ஆள் இல்லே. என் ஊர்ல ஆள் இருக்கு, கதவு இல்லே."

வீட்டை விற்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அத்தை சென்னை வருவதாக ஏற்பாடு. நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு குடித்தனம். எனக்குத் தெரிந்தது இரண்டு பேரைத்தான். ஒரு வெள்ளிக்கிழமை சுண்டல் கிண்ணத்தோடு எல்லாக் கதவையும் தட்டினேன். இப்போது எதிர் வீட்டுச் சாவி என்னிடம், என் சாவி அவர்களிடம். போன மாதம் ஊருக்குப் போனபோது இன்னொன்றும் பார்த்தேன். அத்தைக்குக் கூடமாட உதவும் கீழத்தெருப் பெண், முன்பெல்லாம் கொல்லைத் திண்ணையில் உட்கார்ந்துதான் காப்பி குடிப்பாள். இப்போது கூடத்தில், அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து டெல்லி போகும் பாதையிலேயே சேவாகிராம் ரயில் நிலையம் இருக்கிறது. கார்த்திகையிலிருந்து மாசிக்குள் போய்வாருங்கள். கோடையில் அந்தப் பக்கம் வெயில் 45 டிகிரியைத் தொடும். குழந்தைகளுக்குத் தண்ணீரும் தொப்பியும் மறக்கவேண்டாம். வயசான மாமியார் இருந்தால் அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள்!