ஒரு மில்லிவாட்டுக்கு யார் சாட்சி?

பி.காம் படிக்கிறவனுக்கு மைக்ரோவேவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சமையலறை அவனைச் சொல்லவில்லை. செல்போன் டவர், ராடார், செயற்கைக்கோள் எல்லாம் பயன்படுத்துகிற அலைகளைச் சொல்கிறேன். அவற்றின் பவரை அளப்பதைப் பற்றிப் படிக்கப் போனால், அது அசல் ஆடிட்டிங் சமாச்சாரமாக இருக்கிறது!

முக்கியமாக மூன்று வகை சென்சார்கள்.

முதலாவது டயோட். அலையை டிசி வோல்டேஜாக மாற்றும். படுவேகம். ஒரு நானோவாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பிடித்துவிடும். ஆனால் சுமார் 10 மைக்ரோவாட்டைத் தாண்டினால் வோல்டேஜ் பவருக்கு நேர்விகிதத்தில் இருக்காது. திருத்தம் போட்டுத்தான் படிக்க வேண்டும்.

இரண்டாவது தெர்மோகப்புள். அலை உண்டாக்கும் சூட்டை வோல்டேஜாக்கும். அலை எந்த வடிவில் வந்தாலும் சராசரி பவர் சரியாக வரும். ஆனால் இத்தனை வோல்டேஜுக்கு இத்தனை பவர் என்று அதற்குத் தானாகத் தெரியாது. அதனால்தான் மீட்டரிலேயே 50 மெகாஹெர்ட்ஸில் 1 மில்லிவாட் தரும் ஒரு ரெஃபரன்ஸ் வைத்திருப்பார்கள்.

மூன்றாவது தெர்மிஸ்டர். பழசு, மந்தம், சுமார் 10 மில்லிவாட் வரைதான் தாங்கும். ஆனாலும் ஆய்வகங்களில் ஸ்டாண்டர்டாக மதிக்கப்படுவது இதுதான். ஏன்?

ஒரு பிரிட்ஜ் சர்க்யூட் டிசியைக் கொடுத்து இதை முன்கூட்டியே சூடாக்கி, ரெசிஸ்டன்ஸ் மாறாமல் பிடித்து வைத்திருக்கும். அலை வந்து இன்னும் சூடேற்றினால், பிரிட்ஜ் அந்த அளவுக்கு டிசியைக் குறைத்துக்கொள்ளும். எவ்வளவு டிசி குறைந்ததோ, அவ்வளவு அலை வந்திருக்கிறது. டிசியைத் துல்லியமாக அளப்பது சுலபம். தெரியாத தொகைக்குத் தெரிந்த தொகையை வைத்து டேலி செய்கிறார்கள்!

அதிலும் ஒரு சின்ன வித்தியாசம் வரும். கொஞ்சம் அலை தெர்மிஸ்டரைச் சேராமல், அதைச் சுற்றியுள்ள உலோகத்திலேயே சூடாகிப்போகும். அமெரிக்காவின் நிஸ்ட் போன்ற தேசிய ஆய்வகங்கள் மைக்ரோகலோரிமீட்டரில் மொத்தச் சூட்டையும் அளந்து அந்த இழப்பையும் கணக்கில் கொண்டுவருகின்றன.

இத்தனை பாடு எதற்கு? 1 டெசிபல் தவறு என்றால் பவரில் ஏறக்குறைய 26 சதவீதம். எங்கள் பாடத்தில் 26 சதவீதம் உதைத்தால் அந்தக் கணக்கில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். டவரிலிருந்து வரும் பவர் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்று ஒருவர் சான்றிதழ் கொடுத்தால், அந்த எண்ணின் வழி இப்படி ஓர் ஆய்வகம் வரைக்கும் போக வேண்டும். நடுவில் அறுந்தால் அது வெறும் பேப்பர்.

அன்றாட வேலைக்கு டயோடும் தெர்மோகப்புளும் தாராளமாகப் போதும். அவை சொல்வது சரிதானா என்று சந்தேகம் வந்தால், வவுச்சர் காட்டத் தெரிந்த தெர்மிஸ்டருக்கே என் ஓட்டு.