ஆயாக் கொட்டகை எங்கே போனது?

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய எந்தப் பாட்டியிடமும் ஆயாக் கொட்டகை என்று சொல்லிப் பாருங்கள், கதை வந்துவிடும். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். கைக்குழந்தையை இருட்டில் தூக்கிப்போய் கொட்டகையில் விட்டுவிட்டு அப்படியே மரத்துக்கு நடப்பார்கள். உள்ளே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், அத்தனைக்கும் ஓர் ஆயா. அதைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஈ மொய்க்கும்; ஆயாவின் இரண்டு கைகளுக்குத் தாங்காத பிள்ளைகள்; பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியை இடுப்பில் சுமந்து திரிந்த அக்காமாரும் உண்டு. ஆனால் அம்மா வேலை முடிந்து வரும்வரை பிள்ளை தெரிந்தவர்கள் கையில் இருந்தது, தெரிந்த மொழியில் வளர்ந்தது.

அந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று பார்க்க, ஒரு வாரநாளில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போனேன்.

காலை ஏழரைக்கு பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளின் ஊர். புத்தகப் பைகள், வேன்கள், நாசி லெமாக் பொட்டலங்கள். 1904-இல் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய விவேகானந்தா ஆசிரமம் அந்த நெரிசலில் அமைதியாக நிற்கிறது. அங்கே அடுக்குமாடி கட்டும் திட்டம் வந்தபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள். 2016-இல் அது மரபுரிமைக் கட்டடமானது. கட்டடத்தைக் காப்பாற்றத் திரண்ட நாம், பிள்ளைகளின் மதிய நேரத்தைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை.

மதிய நேரம் என்று ஏன் சொல்கிறேன்? தமிழ்ப்பள்ளிகளில் இயங்கும் அரசாங்கப் பாலர் வகுப்பு நல்ல ஏற்பாடு. ஒரு வகுப்பில் 25 பிள்ளைகளுக்குமேல் கூடாது. ஓர் ஆசிரியர், ஒரு துணையாளர், பசியாற உணவு. ஆனால் நாளுக்கு நான்கு மணி நேரம்தான். பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிடும். அலுவலகம் முடிவதோ ஐந்தரைக்கு, ஆறுக்கு. பாட்டி இருக்கும் வீடு தப்பித்தது. இல்லாத வீடு, மாலைவரை திறந்திருக்கும் அக்கம்பக்கத்துப் பராமரிப்பு மையத்தைத் தேடுகிறது. அங்கே பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம் அல்லது மலாய். முதலாம் ஆண்டில் எந்தப் பள்ளி என்று முடிவெடுக்கிற நேரத்தில் பிள்ளையின் நாக்கு ஏற்கனவே முடிவெடுத்திருக்கும். தமிழ்ப்பள்ளிக்கு மாணவர் குறைகிறார்களே என்று மேடையில் பெற்றோரைக் கடிந்துகொள்பவர்கள், ஒருநாள் மதியம் பன்னிரண்டுக்குப் பள்ளி வாசலில் நின்று பார்க்கலாம்.

கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினேன். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடாவரை போட்டு, 1890-இல் ஆற்றைத் தாண்டிக் கிள்ளானுக்கு நீட்டிய தடம் இது. அங்காசாபுரி வந்ததும் பழக்கதோஷத்தில் வானொலிக்காரி எழுந்து நிற்கப் பார்த்தேன்! அதற்கப்பால் சுபாங் ஜெயா. 1976-இல் அந்த நகரம் எழத் தொடங்குமுன் அது சீபீல்ட் தோட்டம். அந்தப் பெயரைத் தமிழ்ப்பள்ளி ஒன்று இன்னும் சுமக்கிறது. ஷா ஆலாம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். தோட்டங்கள் நகரமாயின. சனங்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். கோயிலைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், பள்ளியையும் போராடிக் கொண்டுபோனார்கள். கொட்டகையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கிள்ளானில், நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றான சிம்பாங் லீமா இருக்கும் ஊரில், ஒரு தாமான் வீட்டில் நடக்கும் சிறிய பாலர் பள்ளிக்குப் போனேன். நடத்தும் ஆசிரியை பெயர் போட வேண்டாம் என்றார். வாசலில் செருப்புகள், உள்ளே புளிச்சோறு வாசனை. மாலை ஆறரை வரை திறந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் மதியத்தில் வந்து கதை சொல்கிறார். துறைமுகத்தில் லோரி ஓட்டும் அப்பா ஒருவர், கப்பலில் இருந்து பெட்டி இறக்குவது எப்படி என்று பிள்ளைகளுக்கு நடித்தே காட்டினாராம்.

நான் இருந்தபோது ஒரு வாண்டு ஓடிவந்து, "டீச்சர், இவன் என் பென்சில அம்பில் பண்ணிட்டான்!" என்று புகார் வைத்தான். "எடுத்துட்டானா? கேட்டு வாங்கலாம், வா" என்றார் ஆசிரியை. திருத்தவில்லை, கண்டிக்கவில்லை. சரியான சொல்லைப் பதிலிலேயே போட்டுவிட்டார். சற்று நேரத்தில் அதே வாண்டு, "இவன்தான் எடுத்தான்!" என்று இன்னொருவனிடம் கத்தினான்.

இவ்வளவு செய்பவருக்குக் கணக்குதான் இடிக்கிறது. நான்கு வயதுக்குக் கீழ் என்றால் 1984-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டம், சமூகநல இலாகா. நான்கு முதல் ஆறு என்றால் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், கல்வி அமைச்சு. ஒரே வீட்டில் அக்காவும் தம்பியும் இருந்தால் இரண்டு வாசல் ஏற வேண்டும். தீயணைப்பு, நகராண்மை வேறு. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐவருக்கு ஒருவர் என்பது விதி. விதி சரியானதே, அந்தப் பழைய கொட்டகையை நினைத்தால் மிகச் சரி. ஆனால் சம்பளத்தோடு வீட்டு வாடகையும் சேரும்போது கட்டணம் ஏறும். ஏறினால் தொழிற்சாலைக்குப் போகும் அம்மாவால் முடியாது. கைக்குழந்தைகளைச் சேர்க்கும் ஆசையை அதனால்தான் ஆசிரியை தள்ளிப்போட்டு வருகிறார்.

வாடகை இல்லாத இடம் கிடைத்தால்? கோயில் மண்டபங்களைத்தான் நினைக்கிறார். மின்விசிறி, சமையலறை, கழிப்பறை எல்லாம் உண்டு. சனி ஞாயிறு கல்யாணம். திங்கள் முதல் வெள்ளிவரை பூட்டு. அனுமதிகளுக்கு அலையத் தானே தயார் என்று சொல்லி, ஒரு கோயில் நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறார்.

திருவிழா முடியட்டும், பேசுவோம் என்றார்களாம்.